கொக்கி வாங்கிய சீட்

எங்கள் யார்டில் எல்லோரும் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவோம். சாலையில் அடிபட்டு நிற்கிற கார்களை இழுத்துக்கொண்டு வரும் ரெக்கவரி வண்டியைப் பதினாறு வருடம் ஓட்டியவர். எவ்வளவு நசுங்கிக் கிடந்தாலும், எந்த இடத்தில் கொக்கியை மாட்டினால் கழன்று போகாமல் வரும் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் அங்கே போன் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். எங்கே விபத்து, எந்த மாதிரி வண்டி, யாரை அனுப்புவது என்பதெல்லாம் என் மேஜைக்குத்தான் முதலில் வரும். அதனாலேயே எனக்குப் போனக்கா என்று பெயர். வைத்தவர் கொக்கிதான்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, பன்னிரண்டு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்ததெல்லாம் இவர்தான். அண்ணனைப் போலவே அவளும் நெடுநெடுவென்று உயரம். பல் மருத்துவர் ஒருவரிடம் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். கொக்கி அவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் யார்டின் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே நின்றுகொண்டு, கைபேசியில் குழந்தை கொட்டாவி விடுகிற படத்தைக் காட்டுவார். "மூக்கு யாரு மூக்கு, பாத்தியா போனக்கா?" என்பார். எனக்கு எல்லாக் குழந்தையின் மூக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். "அசல் உங்க மூக்குதான், பாவம் குழந்தை" என்பேன். அவருக்கு அதில் ஒரு பெருமை.

ஒன்பதாவது மாதத்தில் அந்தப் பேச்சு தொடங்கியது. பிறந்தபோது வாங்கிய கைப்பிடி வைத்த சிறிய சீட் குழந்தைக்குப் போதவில்லை. உச்சந்தலை சீட்டின் மேல் விளிம்பைத் தொட ஒரு விரல்தான் பாக்கி. கால்கள் பின்சீட்டின் சாய்மானத்தில் முட்டின. அடுத்த சீட் வாங்க வேண்டும். மாப்பிள்ளை குழந்தையை முன்பக்கம் பார்க்கத் திருப்பி உட்கார வைக்கும் சீட்டாக வாங்கிவிடலாம் என்றார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அவளுக்கு யாருடைய முகமும் தெரிவதில்லை, வண்டி கிளம்பினதிலிருந்து நிற்கிற வரைக்கும் அழுகைதான்.

கொக்கி ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளை, இத்தனூண்டு உடம்புல தலை மட்டும்தான் கனம். கழுத்து இன்னும் பிஞ்சு. முன்னாடி பாத்து உக்கார வெச்சா, வண்டி எங்கயாவது முட்டும்போது உடம்பை பெல்ட் புடிச்சுக்கும், தலையை யாரு புடிப்பா? பின்னாடி பாத்து இருந்தா முதுகு முழுக்க சீட் தாங்கிக்கும். நான் பாத்திருக்கேன். என்ன பாத்தேன்னு மட்டும் கேக்காதீங்க."

என்ன பார்த்தார் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. சீட்டை மாமன் நான்தான் வாங்கித் தருவேன் என்று கொக்கி சொன்னதும், தேர்ந்தெடுக்கிற பொறுப்பும் அவர் தலைமேல் போயிற்று.

யார்டில் இன்னொரு ஓட்டுநர் உண்டு. எதற்கெடுத்தாலும் முனகுவதால் அவருக்கு முனகல் என்றே பெயர். அவர் ஒரு நாள், மோதி வந்த காரிலிருந்து கழற்றிய குழந்தை சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. "கடைக்குப் போய் ஏன் அல்லாடறே? கழுவினா போதும்" என்றார். கொக்கி அதை வாங்கி, கத்தரிக்கோலை எடுத்து, அதன் பட்டைகள் ஐந்தையும் வெட்டிக் குப்பையில் போட்டார். "ஒரு தடவை அடி வாங்கின சீட் செத்த சீட். வெளியில தெரியாது, உள்ள விரிசல் விட்டிருக்கும். வேற எவனாவது எடுத்துட்டுப் போயிடப் போறான்." முனகலுக்கு அன்று முழுக்க முனக ஒரு விஷயம் கிடைத்தது.

மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருந்தால் கடைக்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்களாம். கையில் பத்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, துண்டு சுற்றி. குழந்தையும் கிட்டத்தட்ட அந்த எடைதான். ஒவ்வொரு சீட்டிலும் அதை உட்கார வைத்துப் பட்டையை இறுக்குவார். பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். கிள்ள வந்தால் தளர்ச்சி, வரக்கூடாது. பிறகு கேனைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குவார்.

கடைப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், சீட் குழந்தைக்கா, கேனுக்கா?"

"கேன் அழாதும்மா. அதான் மொதல்ல இத வெச்சுப் பாக்கறேன்."

"இதே மாதிரி நாலு வயசு வரைக்கும் பின்பக்கம் பாத்தே உக்கார்ற சீட் ஒண்ணு இருக்கு சார். ஆனா பெருசு. உங்க வண்டிக்கு சரிப்படுமான்னு பாத்துக்கங்க."

அது நிஜமாகவே பெரிசுதான். இரண்டு பக்கமும் அகன்ற காதுகள், தரையில் ஊன்றிக்கொள்ள இரும்புக் கால். கொக்கி அதைச் சுற்றி வந்தார், வண்டியைச் சுற்றி வருவது போலவே. குனிந்து அடியில் பார்த்தார். விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு வாசலில் அதை மாட்டினார். மாப்பிள்ளையின் கார் சின்னது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் பின்னால் சீட்டை வைத்ததும், அந்த முன் இருக்கையை முழுவதுமாக முன்னே தள்ள வேண்டியிருந்தது. தங்கை அதில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் இரண்டும் எதிரே இடித்தன.

"என்னண்ணா இது, என்னை மடிச்சு வெச்சிட்டீங்க?" என்று சிரித்தாள். "சரி, நான் பின்னாடியே உக்காந்துக்கறேன். இவளுக்கும் முகம் தெரியும்."

பட்டையைக் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. சீட்டைப் பிடித்து உலுக்கினார், கார்தான் ஆடியது. அன்றைக்கு அவர் அனுப்பிய படத்தில் குழந்தை அந்தப் பெரிய சீட்டுக்குள் ஒரு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதை யார்டில் எல்லோரும் பார்த்தோம். முனகல்கூட, "அம்சமாத்தான் இருக்கு" என்றார்.

நாலைந்து நாள் கழித்துத் தங்கை அவருக்குப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு வைக்கும்போது சொன்னாள்: "அண்ணா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் நடுவுல உக்காந்தா என் பெல்ட் போட முடியல. அந்த லாக் உங்க சீட்டுக்கு அடியில போய் மாட்டிக்குது. ஓரமா உக்காந்தா இவ அழறா, கை எட்டல."

"அப்படியா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். சீட்டை ரெண்டு விரக்கடை நகத்தினா சரியாயிடும். அதுவரைக்கும் ஓரமா உக்காரு."

அந்த ஞாயிறு அவருக்கு வேலை வந்துவிட்டது, நான்தான் அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்தது அவருக்கு மறந்தே போயிற்று. அவளும் மறுபடி சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க்கிலிருந்து சரக்கு வேன் ஒன்று இரண்டு பக்கமும் பார்க்காமல் குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார், போதவில்லை. எனக்கு வந்த போனில் வண்டியின் நிறமும் இடமும் மட்டும்தான் சொன்னார்கள். சாம்பல் நிறச் சின்னக் கார். ஊரில் எத்தனையோ சாம்பல் நிறச் சின்னக் கார். கொக்கி வேறொரு வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார், முனகல் சும்மா இருந்தார். முனகலை அனுப்பினேன். அது மட்டும்தான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

அரை மணியில் முனகல் கூப்பிட்டார். முனகவில்லை. குரல் தணிந்திருந்தது.

"போனக்கா, கொக்கி பக்கத்துல இருக்காரா?"

"வெளியில இருக்கார். ஏன்?"

"அந்த சீட்டு. படத்துல காட்டினாரே, அதேதான். ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. குழந்தைக்கு ஒண்ணும் இல்லையாம். மாப்பிள்ளைக்குத் தோள்ல அடி. அந்தப் பொண்ணு..." என்று நிறுத்தினார். "நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

நான் வெளியே போனேன். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் கேட்டது நினைவிருக்கிறது. "குழந்தை?" என்றார் முதலில். ஒன்றும் இல்லை என்றேன். கண்ணை மூடித் திறந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அந்தக் கணத்துக்காக அவர் பிற்பாடு தன்னை என்ன பாடு படுத்திக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் தங்கையைக் கேட்டார்.

அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் இல்லை. இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையிலிருந்த சந்து வழியே நேராகப் போய் முன்பக்கத்தில் மோதியிருக்கிறாள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை இறந்துபோனாள். இருபத்தெட்டு வயது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. மருத்துவர்கள் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுப் பசிக்குப் பால் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கொக்கியிடம் அதையேதான் சொன்னார்கள். "நீங்க வாங்கிக் கொடுத்த சீட்டுதான் புள்ளையைக் காப்பாத்திருக்கு." ஆறுதலுக்குச் சொன்னார்கள், உண்மையும் அதுதான். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். விபத்தை விசாரித்த அதிகாரி, "எல்லாரும் உங்களை மாதிரி அக்கறையா இருந்தா நல்லா இருக்கும்" என்று தோளைத் தட்டினார். கொக்கி எழுந்து வெளியே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவர் யார்டுக்கு வந்தார். மாப்பிள்ளையின் கார் யார்டின் பின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. யாரும் தொடவில்லை, அவரிடம் கேட்காமல் தொட யாருக்கும் மனம் வரவில்லை. அவரே தார்ப்பாயை விலக்கிப் பின் கதவைத் திறந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர் நடுவில் ஏறி உட்கார்ந்தார். நடுப் பெல்ட்டை இழுத்தார். இன்னொரு கையால் லாக்கைத் தேடினார். சீட்டின் அடி விளிம்புக்கும் இருக்கைக்கும் நடுவில் விரலை விட்டுத் துழாவினார். உள்ளே கை நுழையவில்லை. திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டே இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தபோது மூன்று விரலில் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் போன் பேச்சை என்னிடம் சொன்னார். "சொன்னா போனக்கா. எங்கிட்ட சொன்னா. நான் தண்ணி கேனை எல்லாம் கட்டிப் பாத்தேன். அவளை ஒரு தடவை அங்க உக்கார வெச்சுப் பாக்கல."

அந்த ஞாயிறு அவரை வேலைக்கு அனுப்பியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதில் பங்கு கொடுக்க அவருக்கு விருப்பம் இல்லை.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அடிப்பார், குறைந்தபட்சம் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டுதான் போனாராம். மாப்பிள்ளை தோளில் கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மச்சான். அவ பெல்ட் போடலைன்னு கண்ணாடியில பாத்தேன். மொதல்ல ஓரமாத்தான் உக்காந்து பெல்ட் போட்டிருந்தா. பாப்பா கத்து கத்துன்னு கத்துச்சு. கழட்டிட்டு நடுவுக்கு வந்தா. ஊசி போட நேரம் ஆகுதேன்னு நான் ஒண்ணும் சொல்லல. ஓட்டிட்டே இருந்தேன்."

ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அதுவும் முடியாமல் போயிற்று. ஒரே அறையில் இருந்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் கொக்கி. ஆனால் பிரியவும் வழியில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தை கொக்கியின் மனைவியிடம்தான் வளர்ந்தாள். வாசலில் குழந்தையைக் கை மாற்றிக்கொள்வார்கள். "சாப்பிட்டாளா?" "சாப்பிட்டா." அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சீட்டின் பட்டைகளைக் கொக்கியே வெட்டினார். செத்த சீட்.

ஒரு வருடத்துக்கு மேல் குழந்தை காரிலேயே ஏறவில்லை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் நடப்பார்கள். ஒரு பகல் அவளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி இழுத்தது. கொக்கியின் மனைவி தெருவில் ஓடிப்போய்க் கண்ணில் பட்ட காரை நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். குழந்தை பிழைத்துக்கொண்டாள். அன்று கொக்கியின் மனைவி இரண்டு ஆண்களையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டாள்: "மடியில வெச்சுட்டுப் போனேன். மறுபடியும் அப்படித்தான் போகணுமா? உங்க ரெண்டு பேரு துக்கத்துக்கு இந்தக் குழந்தை எத்தனை நாள் நடக்கும்?"

மாப்பிள்ளை மறு மாதம் ஒரு பழைய கார் வாங்கினார். சீட் வாங்கக் கொக்கியைக் கூப்பிட்டார். கொக்கி மாட்டேன் என்றார்.

"நான் தனியா வாங்கினா ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் எனக்குக் கை நடுங்கும் மச்சான். நீங்க வாங்கித் தந்தா உங்களுக்கு நடுங்கும். சேந்து போவோம்."

இந்த முறை காரோடு போனார்கள். கடைப் பெண் ஒவ்வொரு சீட்டாக வெளியே கொண்டுவந்து காரில் மாட்டிக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் கொக்கி நடுவில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து, லாக்கில் சொருகி, கழற்றி, மறுபடி சொருகிப் பார்த்தார். இறங்கியதும் மாப்பிள்ளை ஏறி அதையே செய்தார். நாலாவது சீட்டுக்கு அந்தப் பெண் பொறுமை இழந்து, "சார், குழந்தையை உக்கார வெச்சுப் பாக்கலையா?" என்றாள். குழந்தை நடைபாதையில் மாமனின் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கொக்கி ஐந்தாவதைக் கொண்டுவரச் சொன்னார். ஏழாவதாக வந்தது ஒல்லியான சீட், நடுப் பெல்ட்டின் லாக்கை மறைக்கவில்லை. மற்றவற்றைப் போல நாலு வயது வரைக்கும் தாங்காது, சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். அதைத்தான் எடுத்தார்கள்.

கொக்கி ரெக்கவரி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். யார்டிலேயே, வந்து சேர்ந்த வண்டிகளிலிருந்து பேட்டரி கழற்றுகிறார். எனக்குப் புதுப் பெயர் எதுவும் வைப்பதில்லை. சிரிக்கிறார், சிரிக்க வேண்டிய இடத்தில். மாப்பிள்ளை மறுமணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்பார்.

குழந்தைக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் அவள் நேராக மாமனிடம் வந்து, அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் வாய் வழியாக அரைகுறையாகப் போய்ச் சேர்வதைவிடத் தானே சொல்லிவிடுவது என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாராம். தான் வாங்கிய சீட், அடியில் மாட்டிக்கொண்ட லாக், தங்கையின் போன், போகாமல் விட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை. தன் தவறில் எதையும் மறைக்கவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து, போதும், போதும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாளாம்.

அவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா ஏன் மாமா நடுவுல உக்காந்தாங்க? நான் அழுதேனா?"

"இல்லடா. நீ தூங்கிட்டு இருந்தே" என்றார் கொக்கி.

மறுநாள் காலை யார்டுக்கு வந்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டு, வருகிற வழியில் கண்ணாடிக் கடையில் இறங்கி, அவள் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார்.